சுவிட்சுக்கு மேலே இருந்த நம்பர்

போன சனிக்கிழமை, பழைய கரண்டியொன்றின் காம்பைக் கொடுத்துப் பெயின்ற் வாளியின் மூடியைக் கிளப்பினேன். டிஸ்டெம்பர் மணம் குப்பென்று வந்தது. சுற்றி நின்ற பிள்ளைகளில் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, “அக்கா, தலையிடிக்குது” என்றாள். எனக்குத் தலை இடிக்கவில்லை. உன் ஞாபகம்தான் வந்தது. நீ என்றால் வாளிக்குள் முகத்தை விடாத குறையாகக் குனிந்து, மூச்சை நிறைய இழுத்து, “நத்தார் வந்திட்டுதடி நிரோ!” என்று கத்தியிருப்பாய். பிள்ளைகளுக்கு முன்னால் அழக்கூடாது என்று, கலக்கும் தடியைத் தேடுவதுபோல் நானும் குனிந்துகொண்டேன்.

நீ போய் ஐந்து வருடமாகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதினால் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டிவரும், அதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது சொல்லிவிட்டேன், ஆனால் உன்னிடமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தயவுசெய்து குறுக்கே பேசாமல் கேள். உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நாளாவது அப்படிக் கேட்டாயா என்றால் இல்லைதான். இப்போதாவது கேள்.

கொட்டாஞ்சேனையில் டிசம்பர் பிறந்தால் நம்முடைய வேதக்கார வீடுகளுக்கெல்லாம் பெயின்ற் பைத்தியம் பிடித்துவிடும். புதுச் சட்டை எடுக்கிறார்களோ இல்லையோ, நத்தாருக்கு முன் சுவருக்கு ஒரு பூச்சாவது பூசியே ஆகவேண்டும். பூசிக்கொடுக்கப் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத, ஏணியில் ஏற முடியாத வயதானவர்களின் வீடுகளுக்கு நாம் போவோம் என்று பங்கு இளைஞர் குழுவில் முதலில் சொன்னவள் நீ. மற்றவர்கள் கரோல் பாடுவோம், நாடகம் போடுவோம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். “பாட்டுக் கேட்டு ஆற்றையடி சுவர் வெள்ளையாகும்?” என்று கேட்டாய். ஃபாதரே சிரித்துவிட்டார். அன்றிலிருந்து நீதான் தலைவி. வேறு யாருக்கும் அந்த வேலை வேண்டியிருக்கவுமில்லை.

பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புக்கடையில் நீ பில் போட்டுக்கொண்டிருந்தாய். நெளிந்த வாளி, மூடி உடைந்த வாளி என்று முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவருவாய். தலைக்கு அம்மாவின் பழைய சீத்தைத் துணி, காலில் ஒன்றுக்கொன்று சோடியில்லாத செருப்பு. எந்த வீட்டிலும் தொடங்குமுன் எங்களை நிறுத்தி ஒரு செபம். ஆமென் சொல்லி வாய் மூடுமுன் உன் சட்டம் வரும். “ஆணியோ, படமோ, எழுத்தோ, சுவரிலை என்ன இருந்தாலும் வீட்டுக்காரரைக் கேட்டுப்போட்டுத் தொடுங்கோ. கேக்காமல் தொட்டால் கையை முறிப்பன்.” எத்தனை தரம் கேட்டிருப்பேன்! ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியேயில்லை.

பிலோமினா அன்ரியின் வீடு மட்டக்குளித் தொடர்மாடியில் மூன்றாம் மாடி. ஓர் அறை, ஒரு குசினி. புருஷன் இல்லை. ஒரே மகள் ஜசிந்தா குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு யாரும் எடுத்தால் பேச விடுவார்கள், அவளாக வெளியே எடுக்க விடமாட்டார்கள். அன்ரிக்கு எழுத வாசிக்கத் தெரியாது, சொந்தமாகப் போனும் இல்லை. புறப்பட்ட அன்று ஜசிந்தா அந்த வீட்டு நம்பரைச் சுவிட்சுக்கு மேலே தச்சன் பென்சிலால் அழுத்தி எழுதிவிட்டுப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் முதலாம் மாடியிலிருந்த முஸ்லிம் நானா மேலே வந்து, அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, அன்ரியையும் கூட்டிக்கொண்டு சந்திக்கடைக்குப் போவார். அங்கே போனில் அழுத்தி அன்ரியின் காதில் கொடுப்பார். அடுத்த தொழுகைக்கு அவர் கை கழுவினால் நம்பரும் போய்விடும். சுவரில்தான் இருக்கிறதே என்று யாரும் வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. இந்தக் கதையெல்லாம் பிறகுதான் நமக்குத் தெரியவந்தது.

அப்போது நம் இருவருக்கும் இருபத்து மூன்று வயது. பெயின்ற் மணத்துக்கு அன்ரிக்கு இழுப்பு வந்துவிடும் என்று அவரைக் கீழே நானா வீட்டில் உட்கார வைத்திருந்தோம். நீ குசினியில் ஏணியின் உச்சியில் நின்று பாடிக்கொண்டிருந்தாய். முன்னறைச் சுவர் என்னுடையது. ஐந்து மணிக்குக் காலிமுகக் கடற்கரையில் ஒருவன் எனக்காகக் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். அவனை நான் கட்டவுமில்லை, அவன் இப்போது எந்த நாட்டில் என்று தெரியவும் தெரியாது. நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. சுவிட்சுக்கு மேலே இலக்கங்களைக் கண்டேன். கண்டேனடி. கொஞ்சம் நின்றுகூடப் பார்த்தேன். கேட்பதென்றால் இரண்டு மாடி இறங்கி, இரண்டு மாடி ஏற வேண்டும். ஏதோ பழைய நம்பர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ரோலரை ஓர் இழுப்பு இழுத்தேன். பென்சில் லேசாகத் தெரிந்தது. இன்னுமோர் இழுப்பு இழுத்தேன். ஐந்து மணிக்குக் காலிமுகத்தில் நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை நாம் இருவரும் திரைச்சீலை கொழுவப் போனோம். அன்ரி கதவைத் திறந்தபடியே கேட்டார். “என் மக நம்பர் எங்க?”

நமக்கு விளங்கவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப்போய் வெள்ளைச் சுவரைக் காட்டினார். நேற்று நானா வந்து, கையில் பேனையோடு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். “ஆரு பூசினது? சொல்லுங்க, ஆரு?” என்று அன்ரி கத்தினார். நான் உனக்குப் பின்னால் நின்றேன். நீ ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தாய். என் முகம் எப்படி இருந்ததோ, எனக்குத் தெரியாது.

“நான்தான் அன்ரி” என்றாய். “நான் கவனிக்கேல்லை.”

“எழுதப் படிக்கத் தெரிஞ்ச புள்ளதானே நீ! எனக்குத்தான் கண்ணிருந்தும் குருடு, உனக்கென்ன கேடு? நத்தாருக்கு எம் புள்ள குரலக் கேக்க வேணாமா நான்? போ. என் வீட்டுக்குள்ள நிக்காத, போ!” உன்னைத் துரத்திவிட்டு, அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். என் கையை!

பஸ் தரிப்பிடத்தில் நீ மீன் வைத்த மாலு பாண் ஒன்றைப் பிய்த்து எனக்குப் பாதி தந்தாய். “நிரோ, நீ அடிக்கேக்கை அதிலை ஏதும் தெரிஞ்சதா?” என்று கேட்டாய். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

“இல்லையடி, ஒண்டும் இருக்கேல்லை. சத்தியமா.”

சத்தியம் வேறு! நீ வாயிலிருந்ததை மென்று விழுங்கினாய். “சரி விடு. பொறுப்பெடுத்தவள் நான். முடியமுதல் நான்தான் சுத்திப் பார்த்திருக்கவேணும்.” அவ்வளவுதான். என்னை நம்பினாயா, நம்பியதுபோல் இருந்தாயா என்று இந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து நீ மட்டக்குளிக்கு ஓடினாய். நானா கெஞ்சிக் கேட்டதால் அன்ரி உன்னை உள்ளே விட்டார். விட்டுவிட்டு, உன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் வெளியே நடைபாதையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நீ ஈரத் துணியால் டிஸ்டெம்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தெடுத்தாய். பென்சில் கோடு துணியோடு வந்துவிட்டது. ஆனால் ஜசிந்தா அழுத்தி எழுதியதில் சாந்தில் பள்ளம் விழுந்திருந்தது. டோர்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து, கண்ணாலும் விரல் நுனியாலும் ஒவ்வோர் இலக்கமாக வாசித்தாய். நான் எங்கே இருந்தேன் தெரியுமா? கரோல் ஒத்திகையில். ‘அமைதி’ என்று வரும் வரியை நாலு குரலில் பாடப் பழகிக்கொண்டிருந்தேன்.

மூன்று இலக்கம் கடைசிவரை பிடிபடவில்லை. ஒன்றா ஏழா, மூன்றா எட்டா என்று மாற்றி மாற்றிப் போட்டுச் சந்திக்கடையிலிருந்து குவைத்துக்காரரை எல்லாம் எழுப்பினாய். ஒரு கிழவர் அரபியில் விளாசித் தள்ளியதையும், நீ “சொறி அங்கிள், சொறி அங்கிள்” என்று கைகூப்பியதையும் எனக்கு நடித்துக் காட்டினாய். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிக்க எப்படி மனம் வந்ததோ.

நத்தார் கழிந்த பிறகுதான் ஜசிந்தா கிடைத்தாள். இரண்டு வெள்ளிக்கிழமையும் பெருநாளும் அழைப்பு வராததால், அம்மா செத்துவிட்டார், தனக்கு மறைக்கிறார்கள் என்றே நினைத்திருந்தாளாம். அம்மாவும் மகளும் போனில் ஒருவர் மாறி ஒருவர் அழுததைக் கேட்டு நீ கடைக்கு வெளியே வந்து நின்று அழுதாய் என்று நானா சொன்னார். நம்பரைக் கொப்பியில் எழுதினாய், அட்டையில் எழுதினாய், அதே இடத்தில் மார்க்கர் பேனையால் கொட்டை எழுத்தில் எழுதினாய். அன்ரி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது எம் மக எழுத்து இல்ல” என்றார். அந்தக் கோபம் அதோடு இறுகிப்போயிற்று.

ஏழு வருடம். மாதத்து முதல் சனிக்கிழமை அன்ரிக்குச் சாமான் கொண்டுபோவோம். அரிசி, பருப்பு, தேங்காய், காஸ் சிலிண்டர். சிலிண்டரைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறுகிறவள் நீ. வாசலில் இறக்கிவிட்டுப் படியில் போய்க் குந்திக்கொள்வாய். நான் உள்ளே போவேன். எனக்குத் தேத்தண்ணி வரும், பிஸ்கட் வரும், என் தலையைத் தடவி “தங்கமான புள்ள” என்ற பேச்சு வரும். “கதவச் சாத்து புள்ள” என்பார் அன்ரி. நான் சாத்துவேன். திரும்பி வரும்போது, “என்ன சொன்னவ? முழங்கால் நோ எப்பிடியாம்? மருந்து முடிஞ்சுதாமா?” என்று கேட்டு என்னைத் துளைத்தெடுப்பாய். தலைவி நீ, வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. வீம்புக்காரி என்று நினைத்தேன். ஒரு தடவை கேட்டும்விட்டேன். “எனக்கு வேறை வேலையில்லையடி” என்றாய்.

பிறகு அந்த வருடம். நுளம்பு பெருகாமலிருக்க நாம் காணி காணியாகப் போய்த் தேங்காய்ச் சிரட்டையும் பழைய டயரும் பொறுக்கிய வருடம். எந்தச் சிரட்டை நுளம்போ, டெங்கு உன்னைப் பிடித்தது. காய்ச்சல் என்று சொன்ன ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கிடந்தாய். நம் பிள்ளைகள் இரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். நான் அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு மாதாவோடு பேரம் பேசினேன். இவள் எழும்பி வரட்டும், முதல் வேலையாக இவளிடம் சொல்லிவிடுகிறேன், அன்ரியிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். நீ வரவில்லை. ஆளே இல்லாத பிறகு யாருக்கு என்ன சொல்வது என்று என் வாய் மறுபடியும் மூடிக்கொண்டது.

பாவசங்கீர்த்தனத்தில் ஒரு முறை சொன்னேன். நம்மவர்களுக்கு அதொரு வசதி, யாருக்குச் செய்தோமோ அவரிடம் போக வேண்டியதில்லை. ஃபாதர் மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். “அந்த அம்மாட்டயும் போய்ச் சொல்லுங்கோ மகள்” என்றும் சொன்னார். மூன்றையும் முழங்காலிலேயே சொல்லி முடித்தேன். மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இனிப் போன சனிக்கிழமைக்கு வருகிறேன். உன் இடத்தில் இப்போது நான்தான் பிள்ளைகளை மேய்க்கிறேன். இந்த முறை அன்ரியின் வீடு. ஜசிந்தா இன்னும் வெளிநாட்டில்தான், ஆனால் அன்ரியின் கையில் மகளின் முகம் தெரிகிற போன் இருக்கிறது. நடைபாதையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அன்ரி பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னார். “பாத்து அடிங்க புள்ளைங்களா. முந்தி ஒருத்தி வருவா. ஆண்டவர் அவ ஆத்துமாவ ஏத்துக்கட்டும், ஆனா அரக்கப் பரக்க அடிச்சு எம் மக எழுதினத அழிச்சுப்புட்டா. நம்ம நிரோ மாதிரிப் பொறுப்பா இருக்கணும்.”

ஆறு பிள்ளைகளும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர்கூட உன்னைக் கண்டதில்லை. உன் சிலிண்டரை, சோடியில்லாத செருப்பை, டோர்ச்சை எதையும் அறியாதவர்கள். இனி அவர்களுக்கு நீ என்றால் சுவரைக் கெடுத்த ஒருத்தி, அவ்வளவுதான். தாங்க முடியவில்லையடி.

“அன்ரி, அது அவள் இல்லை. நான்.”

“என்ன புள்ள?”

“அந்தச் சுவர் நான் அடிச்சது. அவள் குசினியிலை நிண்டவள்.”

அன்ரி சிரித்தார். நான் உன்மேலுள்ள பாசத்தில் பழியைத் தூக்கிப் போட்டுக்கொள்கிறேன் என்று நினைத்துவிட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “தெரியாமத்தானே?” என்று கேட்டார். எனக்கு ஒரு வழி விட்டுக் கேட்டார்.

“இல்லை. கண்டனான். கீழ இறங்கி வந்து உங்களைக் கேக்க அலுப்பா, பஞ்சியா இருந்தது. அதுதான் அடிச்சனான்.”

ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. கையிலிருந்த போனை மடியில் வைத்தார். படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அந்தப் புள்ள அங்கன குந்திக்கிட்டு இருக்குமே” என்றார். என் பக்கம் திரும்பி, “நான் பேசின பேச்செல்லாம்... செத்தவகிட்ட எங்க போய்ச் சொல்லுவேன் நான்? நீயே சொல்லு” என்றார். பிள்ளைகள் தூரிகையோடு அப்படியே நின்றார்கள். பிறகு அன்ரியே கேட்டார். “அவ அம்மா இருக்காளா?”

உன் அம்மா இப்போது வெள்ளவத்தையில் அண்ணாவோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஓட்டோ பிடித்தோம். அன்ரி முழங்கால் நோவோடு உன் அம்மாவின் முன்னால் நின்றார், இருக்கச் சொல்லியும் உட்காரவில்லை. “உங்க மகள வாய்க்கு வந்தபடி பேசினவ நான். ஏழு வருசம் வாசல்ல நிப்பாட்டி வச்சவ நான்” என்றார். நானும் என் பங்கைச் சொன்னேன். அம்மா அதைக் கேட்டு அழவில்லை. அன்ரியின் கையைப் பிடித்து இருத்திவிட்டு, உன் படத்தைப் பார்த்தபடி சொன்னார்.

“அவள் ஆரையும் குறை சொல்லேல்லை. அந்தச் சனிக்கிழமையளிலை சந்தோசமாத்தான் வருவாள். ‘அம்மா, இண்டைக்கு அன்ரி கதவைக் கொஞ்சம் திறந்து என்னைப் பார்த்தவ, அடுத்த மாசம் உள்ளுக்குக் கூப்பிடுவா’ எண்டு சொல்லுவாள். ஒவ்வொரு மாசமும் அதைத்தான் சொல்லுவாள்.”

அன்ரி “இல்லம்மா” என்றார். “பொய் சொல்ல மாட்டேன். நான் ஒரு நாளும் திறந்து பாக்கல.”

அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, “விடு பிள்ளை, சின்ன வயசு” என்றார். அன்ரி வரும் வழியில் ஓட்டோவுக்குள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஃபாதர் எப்போதோ மன்னித்தாயிற்று. எல்லோரும் மன்னித்துவிட்டார்கள். நான் உன்னைத்தான் தேடுகிறேன். என்னை நாலு ஏச்சு ஏச, கையை முறிப்பன் என்று ஓங்கிக்கொண்டு வர, எனக்கு நீ வேண்டும்.

வீம்பு என்று நினைத்திருந்தேனே, அது ஆசை. நீ உள்ளே வர ஆசைப்பட்டுக்கொண்டு அந்தப் படியில் இருந்திருக்கிறாய். ஏழு வருடம், மாதம் ஒரு சனிக்கிழமை. நான் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்காரும் இடத்துக்கும் கதவுக்கும் நடுவே ஓரடிகூட இல்லை. தாழ்ப்பாள் என் கைக்கு எட்டும். அதைத்தான் இப்போது இரவும் பகலும் சுமந்துகொண்டு திரிகிறேன். எழும்பித் திறந்திருக்கலாமடி நான்.